கேள்வி – பதில்: எலும்பை வெட்டும் ரோபோவும் அதன் கருவியும்

முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைகளில் ரோபோக்கள் பயன்படும் விதம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையையொட்டி வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்துள்ளன. கட்டணம், மருத்துவமனைத் தேர்வு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் மருத்துவப் பகுதிக்கு அனுப்பப்பட்டுவிட்டன. ரோபோவின் கை நுனியில் பொருத்தப்படும் வெட்டுக்கருவியைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் அளிக்கிறேன்.

நான் சி.என்.சி. (கணினி வழி இயங்கும்) மில்லிங் இயந்திரம் இயக்குபவன். கட்டுரையோடு வெளியான படத்தில் இருந்த கருவி, நாங்கள் பயன்படுத்தும் பால்நோஸ் (உருண்டை முனை) கட்டரைப் போலவே இருந்தது. உலோகத்துக்கான கட்டரைத்தான் சிறிதாக்கி எலும்புக்கும் பயன்படுத்துகிறார்களா?
– ஒரு வாசகர், ஓசூர்

பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் பட்டறையில் வேலைத்துண்டு சூடேறினால் அளவு சற்று மாறும். ஆறிய பிறகு பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். எலும்பு சூடேறினால் அதிலுள்ள செல்கள் இறந்துபோகின்றன. அவை ஆறிய பிறகு திரும்பி வருவதில்லை. சுவீடனைச் சேர்ந்த எரிக்ஸன், ஆல்பிரெக்ட்ஸன் ஆகியோர் முயல்களின் கால் எலும்பில் ஆய்வு செய்து 1983இல் வெளியிட்ட முடிவின்படி, எலும்பை 47 டிகிரி செல்சியஸில் 1 நிமிடம் வைத்திருந்தாலே திசு பாதிக்கப்படுகிறது. உடலின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி என்பதால், கருவியை வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் இடைவெளி வெறும் 10 டிகிரிதான். சிமென்ட் இல்லாமல் பொருத்தப்படும் செயற்கை மூட்டில் எலும்பு வளர்ந்து மூட்டின் நுண்துளைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். வெட்டிய பரப்பிலுள்ள செல்கள் கருகிவிட்டால், ரோபோ எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் அந்தப் பிடிப்புக்குத் தாமதமோ தடையோ ஏற்படும்.

இந்தச் சிக்கலைக் கூட்டுவது எலும்பின் வெப்பக் கடத்துதிறன். சாதாரண எஃகோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் இருக்கும். எனவே வெட்டும் இடத்தில் உண்டாகும் வெப்பம் எலும்பின் ஆழத்துக்குப் பரவாமல் விளிம்பிலேயே தேங்குகிறது. அதை வெளியேற்ற எளிய வழி, சிப்போடு, அதாவது சீவப்பட்டு வரும் துகளோடு, சேர்த்து வெப்பத்தையும் அனுப்பிவிடுவதுதான். கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) என்று இங்கே பயன்படுவது நுண்ணுயிர் நீக்கிய உப்புக் கரைசல் மட்டுமே. அதையும் பட்டறையில் செய்வதைப்போல அழுத்தத்தோடு பீய்ச்ச முடியாது, ஏனெனில் அது தெறிக்கும் இடத்தில் இரத்தமும் திறந்த காயமும் மருத்துவரின் முகமும் இருக்கின்றன.

இனி உங்களுக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். எலும்பு வெட்டப் பயன்படும் உருண்டைத் தலைக் கருவியை மருத்துவர்கள் பர் என்பார்கள். 6 மி.மீ. விட்டமுள்ள பர் ஒன்று நிமிடத்துக்கு 60,000 முறை சுழல்வதாக வைத்துக்கொண்டால், அதன் நடுப்பகுதியின் வெட்டு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 1,100 மீட்டருக்கும் மேல். எஃகை வெட்டும்போது இந்த வேகத்தை நீங்கள் நினைத்துப் பார்க்கவே மாட்டீர்கள். ஆனால் உருண்டையின் உச்சி முனையில், சுழலும் அச்சின் மேலேயே, வேகம் சுழியம். பரை எலும்பின் மேல் செங்குத்தாக நிறுத்தினால் அந்த முனை வெட்டாது. தேய்க்கும், தேய்த்துச் சூடேற்றும். ஆகவே ரோபோவின் வெட்டுப் பாதையைத் திட்டமிடும்போது கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கும்படி அமைப்பது நல்லது. கையால் பிடிக்கும் மருத்துவர் அனுபவத்தில் செய்வதை ரோபோவுக்குக் கோணமாக எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஒரு பல் ஒரு சுற்றில் எடுக்கும் சிப்பின் தடிமன். மேற்சொன்ன பரில் 8 வெட்டு விளிம்புகள் இருந்து, ரோபோ அதை நொடிக்கு 10 மி.மீ. நகர்த்தினால், ஒவ்வொரு பல்லும் எடுப்பது சற்றேறக்குறைய 1.25 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). புத்தம் புதிய கருவியின் விளிம்பிலும் சில மைக்ரான் அளவுக்கு வளைவு இருக்கும். விளிம்பின் வளைவைவிடச் சிப் மெல்லியதாக இருந்தால் பல் எலும்பைக் கடிக்காது, அதன் மேல் வழுக்கி உரசும். சுழற்சி வேகம் கூடினால் வெட்டு நன்றாக இருக்கும் என்ற பொதுவான நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது. பற்களின் எண்ணிக்கையைக் குறைத்தோ, நகர்வு வேகத்தைக் கூட்டியோ ஒவ்வொரு பல்லையும் உண்மையாகவே கடிக்கச் செய்வதுதான் வெப்பத்தைக் குறைக்கும் வழி. பற்களைக் குறைத்தால் அதிர்வு கூடும். அதிர்வு ரோபோவின் நீண்ட கை வழியாகப் பெருகி, வெட்டிய பரப்பில் அலையலையாகத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பதில்தான் வடிவமைப்பாளரின் காலம் பெரும்பாலும் கழிகிறது என்று சொன்னால் மிகையாகாது.

எலும்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான பொருளும் அன்று. அதன் கெட்டியான வெளிப்பகுதி, ஏறத்தாழ 0.2 மி.மீ. விட்டமுள்ள நுண் தண்டுகள் நெடுக்காக அடுக்கப்பட்டது போன்ற அமைப்புடையது. தண்டுகளின் போக்கில் வெட்டுவதற்கும் குறுக்கே வெட்டுவதற்கும் தேவைப்படும் விசை வேறுபடும். விரிசல் ஓடும் திசையும் வேறுபடும். ரேக் கோணத்தை (பல்லின் முன்முகம் சாய்ந்திருக்கும் கோணத்தை) நேர்மறையாக வைத்தால் விசை குறையும் என்பது 1970களிலேயே ஆய்வகங்களில் அளக்கப்பட்டுவிட்டது. எலும்பு எஃகைவிட மென்மையானது என்பதால், பல்லைக் கூர்மையாக்கினால் விளிம்பு உடைந்துவிடுமோ என்று உங்களைப்போல அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மிகக் கூர்மையான பல் எலும்பைக் கவ்வி இழுக்கும். கையில் பிடிக்கும் கருவி அப்போது துள்ளி ஓடிவிடும். ரோபோவின் கை அந்த இழுப்பைத் தாங்கும் என்பதால், கைக்கருவிக்குத் துணிய முடியாத கோணங்களை ரோபோ கருவிக்குப் பரிசீலிக்கலாம். கைக்கருவியை அப்படியே எடுத்து ரோபோவில் மாட்டிவிட்டு, அதை ரோபோவுக்கான கருவி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம்.

பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களைப் பற்றியும் ஒரு சொல். எலும்பின் சிப் தனியாக வருவதில்லை. மஜ்ஜைக் கொழுப்போடும் இரத்தத்தோடும் கலந்து பசையாகி அந்தப் பள்ளங்களில் அப்பிக்கொள்கிறது. அடைபட்ட பர் வெட்டுவதை நிறுத்திவிட்டு வெறும் வழவழப்பான உருண்டையாகச் சுழல்கிறது. பள்ளம் அகலமாகவும் அதன் பரப்பு மெருகோடும் இருந்தால் உப்புக் கரைசலே பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

என் தாயாருக்கு முழங்கால் மூட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். 'ரோபோ சர்ஜரி' என்று விளம்பரத்தில் பார்த்தோம். எலும்பை வெட்டுவது ரோபோவா, மருத்துவரா?
– ஒரு வாசகி, திருச்சி

எந்தக் கருவி என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதால், மருத்துவமனையில் இந்தக் கேள்வியை இப்படியே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தானே வெட்டும் ரோபோவிலிருந்துதான் இந்தத் துறையின் வரலாறு தொடங்கியது. அமெரிக்காவில் எலும்பு மருத்துவர் வில்லியம் பார்கரும் கால்நடை மருத்துவர் ஹோவர்ட் பாலும் ஐ.பி.எம். ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய ரோபோடாக், முதலில் நாய்களின் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சையில் பயன்பட்டது. பின்னர் 1992 நவம்பரில் சாக்ரமென்டோ நகரில் மனிதருக்குப் பயன்பட்டது. செயற்கை மூட்டின் தண்டு சிமென்ட் இல்லாமல் கச்சிதமாக அமரும்படி தொடை எலும்பின் உட்குழியைக் குடைவதே அதன் வேலை. எலும்பை ரோபோவின் உடலோடு கவ்வியால் இறுக்கிப் பிணைத்துவிட்டு, முன்கூட்டியே தீட்டிய திட்டத்தின்படி கருவி தானாகவே குடையும். மருத்துவர் நிறுத்தப் பொத்தானோடு அருகில் நிற்பார். குடைந்த பள்ளம் மிகத் துல்லியமாகவே இருந்தது. ஆனால் கருவியும் அதைத் தாங்கும் தண்டும் உள்ளே புக இடம் வேண்டியிருந்தது. சுற்றியுள்ள தசையை வெட்டுக்கருவியால் தானாக இனங்கண்டு விலக முடியவில்லை. 1990களில் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த முறையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, தசைச் சேதம் குறித்த புகார்களும் வழக்குகளும் எழுந்து, 2000களின் முற்பகுதியில் அங்கே அது கைவிடப்பட்டது.

பின்னர் வந்தவர்கள் ரோபோவின் சுதந்திரத்தைக் குறைத்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் டேவிஸ் குழுவினர் உருவாக்கிய ஆக்ரோபாட்டில், கருவியை மருத்துவரே பிடித்து நகர்த்துவார்; திட்டமிட்ட எல்லையைத் தாண்ட முயன்றால் ரோபோவின் கை எதிர்த்துத் தடுக்கும். இன்று பரவலாகப் பயன்படும் மேக்கோவும் இதே கொள்கையில் இயங்குவதுதான்; அதை ஸ்ட்ரைக்கர் நிறுவனம் 2013இல் வாங்கியது. ரோஸா போன்ற அமைப்புகளில் ரோபோ எலும்பைத் தொட்டு வெட்டுவதே இல்லை. ரம்பம் செல்ல வேண்டிய வழிகாட்டிச் சட்டத்தைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும், அறுப்பது மருத்துவரின் கை. நாவியோ என்ற கைக்கருவி இன்னொரு வகை: வெட்டக் கூடாத இடத்துக்குப் போனால் அதன் பர் உறைக்குள் தானாகப் பின்வாங்கிக்கொள்ளும்.

தாயாரின் விஷயத்தில் முடிவெடுக்கும்போது, கருவியின் பெயரைவிட அந்த மருத்துவருக்கு அந்தக் கருவியில் உள்ள அனுபவத்தையே முதன்மையாகக் கொள்ளுங்கள்.

முழு மூட்டு மாற்றத்துக்கு ரம்பமும் பகுதி மூட்டு மாற்றத்துக்குப் பரும் பயன்படுத்தப்படுவதாகப் படித்தேன். துல்லியமே நோக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் பரையே பயன்படுத்தக் கூடாதா?
– இயந்திரவியல் மாணவர், மதுரை

பயன்படுத்தலாம், பயன்படுத்துகிற அமைப்புகளும் உண்டு. தடை நேரம்தான். முழு மூட்டு மாற்றத்தில் தொடை எலும்பின் கீழ் முனையை ஐந்து தளங்களாகவும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையை ஒரு தளமாகவும் வெட்ட வேண்டும். ரம்பம் மெல்லிய கோட்டை அறுத்து எலும்பைத் துண்டாக எடுத்துவிடுகிறது. பரோ அந்தத் துண்டு முழுவதையும் பொடியாக்கியாக வேண்டும். பகுதி மாற்றத்தில் எடுக்க வேண்டிய எலும்பு குறைவு, வடிவமும் வளைந்தது என்பதால் அங்கே பர் பொருந்துகிறது.

ரம்பத்தின் குறை அதன் வளைவு. அசைவு ரம்பத்தின் பிளேடு ஒரு முனையில் பிடிக்கப்பட்டு மறுமுனையில் மட்டும் பற்களைக் கொண்ட மெல்லிய தகடு; அதன் தடிமன் வழக்கமாக 1.3 மி.மீ.க்கு அருகில் இருக்கும். கால் வெளிப்புறமாக வில்போல் வளைந்த மூட்டுத் தேய்மான நோயாளிகளில், கீழ்க்கால் எலும்பின் உட்பக்கம் பல ஆண்டுகள் பாரம் தாங்கித் தந்தம்போல் இறுகியிருக்கும். வெளிப்பக்கம் மென்மையாகவே இருக்கும். பிளேடு இறுகிய பகுதியைச் சாய்வாகத் தொடும்போது, மரக்கணுவில் பட்ட ரம்பம் விலகுவதைப்போல, மென்மையான பக்கத்துக்கு வளைந்து ஓடுகிறது. ரோபோவின் கேமரா பார்ப்பது பிளேடைப் பிடித்திருக்கும் தலையைத்தான். தலை சரியான தளத்திலேயே நிற்கிறது என்று திரையில் பச்சை நிறம் காட்டும். உள்ளே பிளேடின் நுனி அந்தத் தளத்தில் இருக்காது. ரோபோவின் துல்லியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

கையால் செய்யும் முறையில் எலும்பின் மேல் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, அதன் பிளவு வழியாகப் பிளேடை விடுவார்கள். பிளவு பிளேடைத் தாங்குகிறது. ஆனால் அதில் உரசிச் சூடும் உலோகத் துகளும் உண்டாகின்றன. ரோபோ அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. நீக்கியதால் பிளேடு தாங்குதலை இழந்து, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்ட நீண்ட தகடாகிவிட்டது. பாடத்தில் படித்த உத்திரத்தின் (பீம்) வளைவுச் சமன்பாட்டை இங்கே பொருத்திப் பாருங்கள்: வளைவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் அதே விசைக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் பாதி நீளத்தில் எலும்பின் பின்விளிம்பை எட்ட முடியாது. தடிமனைக் கூட்டினால் எடுக்கப்படும் எலும்பும் சூடும் கூடும். பிளேடின் உடல் அசையாமல் நுனி மட்டும் அசையும் வகையும் சந்தையில் உண்டு. அதில் பக்க உரசல் குறைகிறது. எல்லா வகையிலும் பற்களின் அகலம் பிளேடின் உடலைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிய பள்ளத்துக்குள் பிளேடின் இரு பக்கங்களும் உரசும்.

பின்விளிம்பில் இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது: முழங்காலின் பின்குழியில் ஓடும் பெருந்தமனி. நுனி இருபுறமும் வீசி அசைவதால், எல்லைக்கோட்டைப் பிளேடின் நடுவைக் கொண்டு மட்டுமின்றி அந்த வீச்சின் முழு அகலத்தையும் கணக்கிட்டு வரைய வேண்டும்.

அறுவை அறையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பிளேடையும் பரையும் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் நுண்ணுயிர் நீக்கி) மீண்டும் பயன்படுத்தினால் என்ன?
– ஒரு வாசகி, வேலூர்

ஒருமுறைப் பயன்பாட்டுக்கு என்று உறையில் அச்சிட்டிருந்தால் ஒருமுறைதான். காரணம் நுண்ணுயிர் மட்டுமன்று. 134 டிகிரி நீராவியில் நுண்ணுயிர் அழிந்துவிடும். மழுங்கிய விளிம்பு கூர்மையாகிவிடாது. மழுங்கிய பிளேடு அதே எலும்பை அறுக்கக் கூடுதல் அழுத்தமும் நேரமும் கேட்கும், இரண்டும் வெப்பமாக மாறும். கையால் அறுக்கும் மருத்துவர் 'பிளேடு போகவில்லை' என்று உணர்ந்து மாற்றச் சொல்வார். அந்த உணர்வை ரோபோவின் கை மருத்துவருக்குக் குறைத்தே கடத்தும் என்பதால் மழுங்கலைக் கவனிக்காமல் விட வாய்ப்பு அதிகம்.

திரும்பப் பயன்படுத்த வேண்டிய ரம்பத் தலை, மோட்டார் உறை ஆகியவற்றில் உங்கள் தலைவலி வேறு. திருகின் இடுக்கிலும் குருட்டுத் துளையிலும் எலும்புப் பசை காய்ந்துவிட்டால் நீராவி அதற்குள் நுழையாது. வடிவமைக்கிறவர்கள் ஒரு வாரமாவது மைய நுண்ணுயிர் நீக்கப் பிரிவில் தூரிகையோடு நின்றால், அந்தத் துளைகளில் பாதியை வரைபடத்திலேயே அடைத்துவிடுவார்கள்.

லேசர், அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றால் எலும்பை வெட்ட முடியும் என்கிறார்களே, இந்தப் பற்கள் எல்லாம் இனித் தேவைப்படுமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

தேவைப்படும். நொடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 35,000 முறை அதிரும் பியெசோ கருவி (அல்ட்ராசவுண்ட் அதிர்வால் வெட்டுவது), எலும்பை வெட்டும்போது நரம்பு, சவ்வு போன்ற மென்திசுக்களைப் பெரும்பாலும் காயப்படுத்துவதில்லை என்பதால் தாடை அறுவை சிகிச்சையில் நல்ல இடம் பிடித்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உருவான கார்லோ என்ற ரோபோ, நீர் எளிதில் உறிஞ்சும் அலைநீளமுள்ள எர்பியம் லேசரைக் கொண்டு எலும்பைத் தொடாமலே வெட்டுகிறது. இரண்டும் மெல்லிய எலும்புக்குச் சிறப்பானவை. முழங்காலின் அகலமான தளங்களை வெட்ட அவற்றின் வேகம் போதாது.

இறுதியாண்டுத் திட்டப்பணியாக எலும்பு வெட்டும் பர் ஒன்றை வடிவமைக்க விரும்புகிறோம். மனித எலும்பு கிடைக்காத நிலையில் எதில் சோதிப்பது?
– மாணவர் குழு, கோயம்புத்தூர்

இரண்டு பொருள்கள் போதும். பாலியூரித்தேன் நுரைக் கட்டை, எலும்பு மருத்துவக் கருவிகளைச் சோதிப்பதற்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப்1839 என்ற தரநிர்ணயத்தின்படி பல அடர்த்திகளில் கிடைக்கிறது. எல்லாக் கட்டைகளும் ஒரே சீராக இருப்பதால் இரண்டு வடிவங்களின் வெட்டு விசையை ஒப்பிட அது பொருத்தமானது. வெப்பத்தை மட்டும் அதில் அளக்காதீர்கள். நுரை சூட்டில் இளகும், எலும்பு இளகாது.

வெப்பத்துக்கு மாட்டின் தொடை எலும்பே ஏற்றது. இறைச்சிக் கடையில் நடுத்தண்டைத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள், வெயிலிலும் காய விடாதீர்கள். காய்ந்த எலும்பு உயிருள்ள எலும்பைவிட எளிதில் நொறுங்கும் என்பதால் எண்கள் உங்களை ஏமாற்றிவிடும். உப்புக் கரைசலில் நனைத்த துணியில் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, சோதனைக்கு முன் கரைசலிலேயே 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) நுனியை வெட்டு விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தொலைவில் புதைத்து, அந்தத் தொலைவை வெட்டிய பிறகு மீண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சிறிது தள்ளிப்போனாலும் பதிவாகும் வெப்பநிலை வெகுவாகக் குறைந்துவிடும். பர் சுழலும்போது எலும்புத் தூள் காற்றில் மிதக்கும் என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்று, எலும்புக் கழிவை எப்படி அப்புறப்படுத்துவீர்கள் என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.